எலி வேலை

இங்கே ஆங்கிலத்தில் ஒரு வேலை அற்பமானது என்று சொல்வதற்குப் பெரிய காதுகள் கொண்ட ஒரு கார்ட்டூன் எலியின் பெயர் போதும். டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊரில் என் மனைவியின் அலுவலகத்தில் அமெரிக்கர்கள் அதன் முழுப் பெயரையும் சொல்கிறார்கள். அவளும் அவள் டீமில் இருக்கும் இன்னொரு தமிழரும் அதை 'எலி' என்று தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிகிற வேலை எலி. மேனேஜர் கூப்பிடும் திடீர் மீட்டிங்கும் எலி.

அந்தத் தமிழர் எங்கள் அபார்ட்மென்ட்டில்தான் குடியிருக்கிறார். இருவரும் ஒரே காரில் போய் வருகிறார்கள். நல்ல மனிதர். எழுதச் சிரமமாக இருந்தாலும் அது சரிபார்த்த தகவல்.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் நிருபராக இருந்து, பிறகு செய்தி திருத்திக்கொண்டிருந்தவன். என் விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. எங்கள் தமிழ் சர்ச்சின் மாத இதழைச் சம்பளமில்லாமல் திருத்துகிறேன். அச்சாகி வந்ததும் முதல் பிரதி அவளுக்குத்தான்.

போன மாதம் அந்தத் தமிழர் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆன்ட்டி, "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டார். என் வாயில் வடை. மனைவி முந்திக்கொண்டாள்.

"சர்ச் மேகசின் எடிட் பண்றார், ஆன்ட்டி. எலி வேலைதான்."

ஆன்ட்டிக்குப் புரியவில்லை. பிரியாணித் தட்டோடு எதிரே நின்ற அவர் சிரித்தார். அவரைப் பார்த்து அவளும் சிரித்தாள். கூட்டத்தில் யார் முதலில் சிரிக்கிறார்கள் என்று கவனிப்பது நிருபராக இருந்தபோது வந்த பழக்கம்.

வீட்டுக்கு வந்து, எலிக்கு அற்பம் என்ற அர்த்தம் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன். அந்த எலியின் படம் போட்ட மலிவான கைக்கடிகாரங்களால் வந்த பொருள் என்கிறார்கள் சிலர். வேறு காரணங்களும் சொல்கிறார்கள். எதற்கும் உறுதி இல்லை. என் மேஜைக்கு வந்திருந்தால் செய்தியை நிறுத்தி வைத்திருப்பேன்.

"அந்த வார்த்தையை என் வேலைக்குச் சொல்லாதே" என்றேன்.

"எலியா? அது சும்மாங்க. கார்ல தினம் அவர்கிட்ட சொல்லிச் சொல்லி வாயில வந்துடுச்சு."

தினம் என்றாள். அதற்கு மேல் அவள் சொன்ன சமாதானம் எதுவும் என் காதில் ஏறவில்லை.

"நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்னு அப்படி ஏதாவது வார்த்தை இருக்கா?"

பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். "இருக்கே. பால் தீர்ந்துடுச்சு."

நன்றாகத்தான் இருந்தது. அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

போன வாரம் ஒருநாள் அவர் சீக்கிரமே ஆபீஸ் போய்விட்டதால் நான் அவளை டிராப் பண்ணப் போனேன். அன்றைக்கு வந்திருந்த புது இதழை டாஷ்போர்டில், அவள் கண்ணில் படும்படி வைத்திருந்தேன். அதன்மேல் அவள் லஞ்ச் பை. சிக்னலில் நின்றபோது அவள் போன் அதிர்ந்தது. படித்துப் புன்னகைத்தாள்.

"யாரு?"

"அவர்தான். இன்னைக்குக் காலையிலேயே..."

நான் சிரித்தேன். நன்றாக, சத்தமாக.

அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே" என்றாள்.