என் வாசலில் யார் கை?

சைப்பிரஸில் நான் பார்த்துக்கொள்ளும் கிரியாவுக்கு நடக்க முடியாது. கிரியா என்பது பெயரில்லை. நம்மூரில் 'அம்மா' என்கிற மாதிரி ஒரு மரியாதைச் சொல். சனிக்கிழமை சாயங்காலமானால் காய்ந்த ஒலிவ் இலைகளைச் சின்னத் தூபக்காலில் போட்டுக் கொளுத்துவார். நான் சக்கர நாற்காலியைத் தள்ள, அறை அறையாகப் புகை காட்டுவார். கடைசியில் என்னைக் குனியச் சொல்லி, தலையை மூன்று சுற்று சுற்றி, "ஃப்து, ஃப்து, ஃப்து" என்று துப்புவது போலச் செய்வார். முதல் வாரம் எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னைத்தான் பேயென்று நினைக்கிறாளோ! கெட்ட கண் படாமலிருக்கக் கண்ணூறு கழிக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. அது முடிந்ததும் அவர் முகத்தில் ஓர் அமைதி வரும் பாருங்கள், அதை மட்டும் நான் நம்பவே மாட்டேன். ஒரு பிடி இலையைக் கொளுத்தினால் மனசு அடங்கிவிடுமா என்ன?

நான் அப்படித்தான். கடைக்காரன் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறான் என்று யோசிப்பேன். அதனால்தான் என் வீட்டுக்காரர் போனில் திடீரென்று சாந்தமாகப் பேசத் தொடங்கியபோதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ஊரில், ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். அவரும் ஒன்பது வயது மகள் பவியும் அங்கே. நான் புறப்பட்டு வந்த முதல் வருடம் ஞாயிறு தவறாமல் சண்டைதான். குடித்துவிட்டுக் கத்துவார், நானும் விடமாட்டேன். அந்த மனுஷன் ஒரு நாள், "நீ ஒண்ணுக்கும் யோசிக்காத புள்ள, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்கிறார். குரலில் ஒரு சொட்டுக் கோபமில்லை, குடித்த குழறலுமில்லை. அன்றைக்கு நான் சோறே சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு பவி போனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள், நாய்க்குட்டியைக் காட்ட. நாய்க்குட்டிக்குப் பின்னால், என் வாசலில், ஒரு கோலம். ஏனோதானோவென்று இழுத்ததில்லை. பதினொரு புள்ளி, நேர் வரிசை, சுற்றி வளைத்த கம்பி.

"என்னங்க, கோலம் யாரு போட்டது?"

"அது... பக்கத்துல யாராச்சும் போட்டிருப்பாங்க."

பக்கத்தில் யாராச்சுமா? எங்கள் லயத்தில் ஒருத்தி இன்னொருத்தி வாசலில் சும்மா கோலம் போடமாட்டாள். வாசலில் கை வைக்கிறவள் அடுப்படியிலும் கை வைப்பாள். பவியிடம் கேட்டேன். "அப்பா சத்தியம் வாங்கிட்டாரும்மா, சொல்ல மாட்டேன்" என்றாள். போதாதா? குடி நின்றது, கோபம் நின்றது, வாசலில் கோலம். அடுத்த காம்பராவில் புருஷனை இழந்த தனம் அக்கா இருக்கிறாள். அவள் கோலம் தோட்டத்துக்கே தெரியும். கணக்குச் சரியாகிவிட்டது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று வஹகோட்டை அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டேன். எனக்குக் காணாமல் போனது புருஷன்.

லீவுக்கு அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு, சொல்லாமல் முன்னாலேயே வந்து இறங்கினேன். மாத்தளையிலிருந்து த்ரீவீலர் பிடித்து லயத்துக்குப் போனேன். மத்தியானம், அவர் வேலைக்கும் பவி பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். வாசலில் அன்றைய கோலம் அழியாமல் கிடந்தது. பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேரே தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். தனம் அக்கா குடம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அக்கா, என் வாசல்ல உனக்கு என்ன வேலை?"

பீலியடியில் நின்ற பொம்பளைகள் எல்லாரும் திரும்பினார்கள். தனம் அக்கா முகம் செத்துப்போனது. குடம் நிரம்பி வழிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இவ்வளவு தூரத்துலேருந்து இதக் கேக்கத்தான் வந்தியா? நாளைக்கு விடிய எழும்பிப் பாரு. அதுக்கப்பறம் என்கிட்ட வந்து பேசு."

அன்று சாயங்காலம் என்னைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. விடியற்காலை அவர் எழும்பியதும் நானும் சத்தமில்லாமல் எழும்பி ஜன்னலில் நின்றேன். பீலியில் குளித்துவிட்டு வந்தார். வாசல் கூட்டினார், தண்ணீர் தெளித்தார். சாரத்தை மடித்துக் கட்டிக் குந்தினார். கொழுந்து மூட்டை தூக்கிக் காய்ப்பேறிய அந்தக் கையிலிருந்து மாவு விழுகிறது, பொட்டுப் பொட்டாக, ஒரு இம்மி பிசகாமல். வாய் எண்ணிக்கொண்டே இருந்தது. பூசாரி சாமிக்கு முன்னால் நிற்கிற முகம். அந்த முகத்தை எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியும் தெரியாது.

தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு தைப்பொங்கலுக்குப் பவி கோலம் போட்டுச்சு. கோணல். அம்மா இல்லாத வீடுன்னு புள்ளைங்க சிரிச்சிருச்சுங்க. அழுதுச்சு. நான் தனம் அக்காகிட்ட கேட்டுப் பழகினேன். புள்ளி எண்ணுறப்ப வேற நெனப்பே வராது புள்ள. உம்மேல கோபம், எம்மேல கோபம், ஒண்ணும் வராது. கோயில்லகூட எனக்கு அப்படி இருந்ததில்ல. ஆம்பள கோலம் போடுறான்னு நீ சிரிப்பேன்னுதான் சொல்லல."

தனம் அக்காவின் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "போடி கிறுக்கி" என்றாள்; ஆனால் முன்னைப்போல என் தோளைத் தொடவில்லை. அது இன்னும் சுடுகிறது.

சந்தேகம் தீர்ந்ததா? தீரவில்லை, இடம் மாறிக்கொண்டது. இன்னொருத்தி இருந்திருந்தால் சண்டை போட்டு விரட்டியிருப்பேன். இந்த நிம்மதியை எப்படி விரட்டுவது? நான் இல்லாத இடத்தில், நான் இல்லாததாலேயே முளைத்த நிம்மதி. ஒரு நாள் நானே கோலமாவை எடுத்தேன். அவர் திண்டாடிப்போய்க் கதவோரம் நின்றார், வேலை பறிபோனவர் மாதிரி. என் கையோ பழக்கம் விட்டுப்போயிருந்தது. மூன்றாவது வரிசையிலேயே பிசகியது. டப்பாவை அவரிடம் நீட்டிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

திரும்பி வந்ததும் இங்கே பால்கனியில் கோதுமை மாவில் ஐந்து புள்ளி வைத்துப் பார்த்தேன். கிரியா எட்டிப் பார்த்து, "எறும்பைக் கொல்லவா இந்தப் பொடி?" என்றார். எறும்பு சாப்பிடத்தான் என்று சொல்ல எனக்கு அவர் மொழி போதாது. தலையாட்டிவிட்டேன். துடைத்துவிடச் சொல்லி ஈரத்துணி எடுத்துக் கொடுத்தார்.

நான் ஊரிலிருந்து புறப்பட்ட காலையில் என் வீட்டுக்காரர் வாசல் நிறையக் கோலம் போட்டிருந்தார். ஒதுங்கிப் போக வழியில்லை, பெட்டியை அதன் மேல்தான் இழுத்து வந்தேன். ஆள் புறப்பட்ட கையோடு வாசல் கூட்டக்கூடாதென்று மூன்று நாள் அப்படியே விட்டு வைத்தாராம், பெட்டிச் சக்கரத் தடத்தோடு. நாலாம் நாள் புதுக் கோலம். இப்போது ஞாயிறு தோறும் பவி காட்டுகிறாள். பதினைந்து புள்ளி, பத்தொன்பது புள்ளி. நான் திரையைப் பெரிதாக்கி வரிசை வரிசையாக எண்ணுகிறேன், எனக்கென்று எங்காவது ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.