கப்பலுக்கு எந்த வண்டி

கப்பலுக்குப் போகிறவர்களைப் போல ஒரு மடையர் கூட்டத்தை உலகத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது என்பது துறைமுகத்தின் தீர்மானமான கருத்து. துறைமுகம் என்பது இங்கே ஒரு பெண்மணியின் பட்டப்பெயர். நாற்பத்தாறு வயது, நீலக் கோட்டு, மூக்கு நுனியில் தொங்கும் கண்ணாடி. ஏழு மாடி ஹோட்டல் ஒன்றின் வரவேற்பறையில், லிஃப்டுக்கும் பெரிய பூஜாடிக்கும் நடுவே செருகிவைத்த சின்ன மேஜை அவளுடையது. சுற்றுலாக் கப்பல் ஏறப்போகிற விருந்தினர்கள் ஹோட்டலிலிருந்து கப்பல் முனையத்துக்கு எந்த வண்டியில் போக வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. பதினேழு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

விஷயம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. போக நாலே வழிதான். ஒன்று, ஹோட்டல் பஸ். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும். இரண்டு, வாசலில் நிற்கும் டாக்சி. மூன்று, பெரிய குடும்பமாக இருந்தால் வேன். நாலாவது, நடை. இதில் ஒரே ஒரு சூட்சுமம் உண்டு. நிஜத் துறைமுகத்தின் முதல் வாசலைத் தாண்டி உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அது ஹோட்டல் பஸ்ஸுக்கு இருக்கிறது, மற்ற வண்டிகளுக்கு இல்லை. டாக்சியில் போகிறவர்கள் வாசலில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டும். ஆகவே பஸ்ஸில் போங்கள். இதைக் கேட்டுக்கொள்ளப் பெரிய மூளை தேவையில்லை, காது இருந்தால் போதும். அந்தக் காதைத்தான் எல்லோரும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள்.

நடக்கிற கூட்டம் தனி ரகம். ஹோட்டல் ஜன்னலைத் திறந்தால் கப்பல் எதிரிலேயே வெள்ளைவெளேரென்று நிற்கும். "இதோ இருக்கே, இதுக்கெதுக்கு வண்டி?" என்று கிளம்பிவிடுவார்கள். நடுவில் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது என்பது மதிலில் போய் முட்டிய பிறகுதான் தெரியும். ஒரு தடவை, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் சக்கரம் கழன்ற பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். துறைமுகம் அவருக்கு நாற்காலிகூடப் போடவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் ஒரே தடவைதான் சொல்வாள். முகத்தைப் பார்க்கமாட்டாள், பெட்டிகளைத்தான் பார்ப்பாள். எத்தனை பெட்டி, எவ்வளவு கனம், யார் கையில் எது என்று பார்த்தால் அந்தக் குடும்பத்தின் ஜாதகமே தெரிந்துவிடும் என்பது அவள் கர்வம். பார்த்ததும் சொல்வாள். கேட்டால் கேள், கேட்காவிட்டால் நாசமாய்ப் போ.

இந்த நாக்கு அவளுக்குச் சும்மா வந்ததில்லை. பத்தொன்பது வயதில் இதே ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவுக்கு மூச்சிரைப்பு, தம்பிக்குப் பத்து வயது. பத்து வருடம் அடுத்தவர் படுத்தெழுந்த விரிப்புகளைத் தேய்த்தாள். நாலு பாஷையில் திட்டுவது எப்படி என்று கூட வேலை பார்த்தவர்களிடம் கற்றுக்கொண்டு, அதே நாலு பாஷையில் மரியாதையாகப் பேசுவதைத் தானே கற்றுக்கொண்டாள். முன்னால் இந்த மேஜையில் இருந்த ஆள் ஒரு புதுமணத் தம்பதியைச் சரக்குக் கப்பல் வாசலுக்கு அனுப்பிவைத்த மறுநாள், மேஜை இவளுக்கு வந்தது. ஹோட்டலில் ரொட்டி சுடுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் விடியலில் வேலைக்குப் போய், சாயங்காலம் குறட்டை விடுகிற நல்ல மனிதர்.

தம்பியைப் படிக்க வைத்தாள். இதற்காக யாரும் அவளைத் தெய்வம் என்று சொல்ல வேண்டாம். தினமும் திட்டித்தான் படிக்க வைத்தாள். அவனும் படித்தான். தூரத்து நகரமொன்றில் காப்பீட்டுக் கம்பெனி அதிகாரியாகிக் கழுத்தில் டை கட்டினான். நாலு வருடத்துக்கு முன்னால், "ரெஜிஸ்டர் கல்யாணம்க்கா, நாலே பேர்தான், நீ அலைய வேண்டாம்" என்று போனில் சொன்னான். பிறகு அவன் அனுப்பிய படத்தில் நானூறு பேர் இருந்தார்கள். பெண் வீட்டாரிடம், தன் அக்கா வெளிநாட்டில் பேராசிரியை, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருந்தான் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. சின்னப் பையன், பயந்திருப்பான், என்று அவளே அவனுக்காக நியாயம் சொல்லிக்கொண்டாள். சின்னப் பையனுக்கு அப்போது வயது முப்பத்து மூன்று.

போன வாரம் அதே சின்னப் பையன் போன் செய்தான்.

"அக்கா, மாமனார் எங்களையும் கூட்டிக்கிட்டு கப்பல்ல போறார். முந்தின நாள் தங்குறதுக்கு உன் ஹோட்டல்தான்னு பிடிவாதமா புக் பண்ணிட்டார். நான் ஆறு ஹோட்டல் சொல்லிப் பார்த்தேன், கேக்கல."

"நல்ல ஹோட்டல்தானே? வரட்டும்."

"அதில்லக்கா. நீ அன்னிக்கு லீவு போட்டுடேன்."

"கப்பல் நாள்ல எனக்கு லீவு கிடையாது."

"அப்ப கண்டுக்காம இருந்துடு. ஒரே ஒரு காலைதான். என் மானத்தைக் காப்பாத்துக்கா."

சரி என்று போனை வைத்தாள். வைத்த பிறகு ஒரு மணி நேரம் ரொட்டிக்காரரைக் காரணமில்லாமல் வைதாள். அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்; நேரில் முகத்தைப் பார்த்தால் வார்த்தை தானாக வந்துவிடும், "இவங்க என் அக்கா" என்று சொல்லிவிடுவான் என்று அவளுக்குள் ஒரு நப்பாசை. அந்த நப்பாசைக்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். துப்பிக்கொண்டே நீலக் கோட்டை இரண்டு தடவை தேய்த்தாள்.

காலை ஒன்பதே முக்காலுக்கு லிஃப்ட் திறந்து நாலு பேர் வந்தார்கள். முன்னால் மாமனார், மர வியாபாரி, தடித்த விரல்கள். பின்னால் மாமியார். அவளை ஒட்டித் தம்பியின் மனைவி. கடைசியில் தம்பி. துறைமுகம் வழக்கம்போலப் பெட்டிகளைப் பார்த்தாள். ஆறு பெட்டி, அதில் மூன்று தம்பியுடையது. மாமனார் கையில் ஒரு பழைய தோல்பை. எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிற, பத்துப் பேரைக் கேட்டுப் பதினோராவது ஆள் சொன்னதைச் செய்கிற ரகம் என்று ஒரே நொடியில் முடிவு கட்டினாள்.

"ஹோட்டல் பஸ்ல போங்க சார். பத்து மணிக்கு ஒண்ணு இருக்கு. உள்ள வரைக்கும் போகும். டாக்சி வாசலோட நின்னுடும்" என்றாள். அவள் கணக்கில் விஷயம் முடிந்தது.

மாமனார் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பஸ்ஸுல ஜன்னல் திறக்குமா?"

"ஏசி பஸ் சார். திறக்காது."

"எனக்குக் காத்து வேணுமே." யோசித்தார். "டாக்சிக்காரர் எப்படி, அனுபவசாலியா?"

இப்படியே போயிற்று. வேனில் எத்தனை சீட்டு, அதில் மீதி ஆறு சீட்டு வீணாகாதா, நடந்தால் எவ்வளவு நேரம், மதில் யார் கட்டியது. பத்து மணி பஸ் இவர்கள் கண் முன்னாலேயே போனது. வரிசையில் நின்றவர்களைத் துறைமுகம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். ஆள் அசையவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் மருமகனைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்க இஷ்டம் மாமா" என்று தம்பி பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைச் சுரண்டினான்.

பஸ் என்று இரண்டாவது தடவை சொன்னாள். பதினேழு வருடத்தில் ஒரு விருந்தினருக்காக அவள் வழக்கத்தை மீறியது அன்றுதான். யாருக்காக மீறினோம் என்று தெரிந்தபோது அவமானமாக இருந்தது.

"மேடம் இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்றார் பெரியவர்.

"இருபத்தேழு. மொதல்ல கீழ சலவைக்கூடத்துல."

"வீட்ல யாரெல்லாம்?"

"வீட்டுக்காரர் இருக்கார்."

"கூடப்பிறந்தவங்க?"

அவள் கண்ணாடியைத் தள்ளிவிட்டுத் தம்பியை நேராகப் பார்த்தாள். அவன் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். அந்த லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அப்போதும் இப்படித்தான் அவசரத்தில் தப்பாகக் கட்டுவான்.

"ஒரு தம்பி" என்றாள்.

"என்ன பண்றார்?"

"நல்லா இருக்கான் சார். பதினோரு மணி பஸ் வந்து நிக்குது. போறீங்களா?"

போகவில்லை. அந்த பஸ்ஸும் போயிற்று. இனி பன்னிரண்டு மணி பஸ் ஒன்றுதான். அதையும் விட்டால் கப்பலின் கதவை அடைத்துவிடுவார்கள். துறைமுகத்துக்கு உள்ளுக்குள் கொதித்தது. மனிதன் என்றால் ஒரு முடிவுக்கு வரத் தெரிய வேண்டும். இந்தக் கிழத்துக்கு மரம் அறுத்து அறுத்து மூளையும் தூளாகிவிட்டது என்று நினைத்தாள். மாமியார் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது வேறு எரிச்சலாக இருந்தது. தம்பியின் மனைவி போனில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெரியவர் எழுந்தார்.

"மாப்பிள்ளை, கடைசியா கேக்குறேன். இவங்க காலைலேர்ந்து பஸ்ஸு பஸ்ஸுன்னு சொல்றாங்க. உங்களுக்கு இவங்களைப் பார்த்தா என்ன தோணுது? நம்பலாமா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

"இந்த மாதிரி கவுண்டர் ஆளுங்க கமிஷனுக்காகச் சொல்லுவாங்க மாமா. நாம வெளிய நிக்கிற டாக்சியிலயே போயிடலாம்."

சொல்லிவிட்டான். கமிஷன் என்று டாக்சிக்காரர்கள் நீட்டிய எதையும் பதினேழு வருடமாகக் கையால் தொடாதவள் அவள். அதற்காகவே அவர்களில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. இந்த விஷயம் இவனுக்கும் தெரியும்.

பெரியவர் தோல்பையை எடுத்துக்கொண்டார்.

"நான் உங்க அக்காவை நம்புறேன் மாப்பிள்ளை. பஸ்ஸுலயே போவோம்."

தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. மாமியார் மேஜையருகே வந்து துறைமுகத்தின் கையைப் பிடித்தாள். "எங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்மா. பொண்ணைக் கொடுக்கிறவங்க விசாரிக்காமலா கொடுப்பாங்க? அவர் வாயால சொல்லட்டும்னு நாலு வருஷமா காத்துக்கிட்டிருந்தோம். நேர்ல பார்த்தாலாவது சொல்லுவாருன்னுதான் இந்த ஹோட்டலையே பிடிச்சோம்."

அப்படியானால் ஜன்னல், காற்று, மதில் எல்லாமே அவனுக்குக் கொடுத்த தவணை. பெட்டியைப் பார்த்து ஜாதகம் சொல்கிறவள் இதைக் கோட்டை விட்டிருந்தாள். ஆனால் நெகிழ்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. கையை விடுவித்துக்கொண்டாள்.

"உங்க மருமகனைப் பரீட்சை பண்ண நான் என்ன கேள்வித்தாளா?" என்று பெரியவரைப் பார்த்துக் கேட்டாள். "என்னைப் பார்க்கணும்னு இருந்திருந்தா நாலு வருஷத்துல ஒரு நாள் கிளம்பி வந்திருக்கலாமே. இல்ல, ஒரு போன். அவன் மறைச்சான், நீங்க தெரிஞ்சுக்கிட்டே வேடிக்கை பார்த்தீங்க. ரெண்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியல சார்."

மர வியாபாரி தலையை இரண்டு முறை ஆட்டிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். பின்னாலேயே இரண்டு பெண்களும் போனார்கள். மகள் மட்டும் வாசலில் ஒரு நிமிடம் நின்று துறைமுகத்தைத் திரும்பிப் பார்த்தாள். புருஷனுக்காக அவள் நிற்கவில்லை.

பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றியாயிற்று. தம்பி மட்டும் மேஜை முன்னால் நின்றான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று அப்போதும், அந்த நிமிடத்திலும், அவளுக்குள் ஏதோ ஒன்று காத்திருந்தது.

"அவங்களுக்குத் தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ முதல்லயே அவங்ககிட்ட பேசித் தொலைச்சிருந்தா எனக்கு இந்த அசிங்கம் வந்திருக்குமா?" என்றான் தாழ்ந்த குரலில். "எப்பவும் நீ இப்படித்தான்க்கா. உனக்கு உன் வீம்புதான் பெரிசு."

துறைமுகம் அவனை உற்றுப் பார்த்தாள். டீயில் விழுந்த ஈயைப் பார்ப்பதுபோல. கோபம்கூட வரவில்லை; கோபத்துக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். இத்தனை வருடம் பயம், ஆசை, சின்ன வயசு என்று இவனுக்கு அவள் சொல்லிக்கொண்ட நியாயங்களையெல்லாம் எடுத்துவிட்டால் அங்கே மிச்சம் இருந்தது ஒரு டை மட்டும்தான்.

"பஸ் கிளம்பப்போகுது சார்" என்றாள். "ஏறுங்க."

ஏறினான். கதவு மூடியது. பஸ் வளைவைத் தாண்டும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று பேரும் போய்ச் சேரட்டும், இவன் ஒருவன் மட்டும் கப்பலைத் தவறவிட்டு, கரையில் மூன்று பெட்டியோடு வெயிலில் நிற்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள். நடக்காது என்று அவளுக்கே தெரியும். அவள் சொன்ன பஸ்ஸில் போய் இதுவரை ஒருத்தர்கூடக் கப்பலைத் தவறவிட்டதில்லை. அன்று முழுக்க அவளுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.