பாட்டிலின் மேல் போட்ட பழி

சிறுநீர் பரிசோதிக்கும் வேலையில் இருப்பவர்கள் ஆளைவிட பாட்டிலைத்தான் அதிகம் சந்தேகிப்பார்கள். தொண்ணூறுகளில் பல்லாவரத்தில் ஒரு சின்ன லேபில் நான் ஐந்து வருடம் இருந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுத் தப்பு செய்யக்கூடாது என்ற பயம் எப்போதும் கூடவே இருக்கும். இங்கே சொல்வதில் பாதி என் கண்முன் நடக்கவில்லை. மணி என்பவர் வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். என்னைப் போல ஸ்பிரிட் விளக்குக்கு முன்னால் நாளைக் கழித்தவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் குறைவாகத் திட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

டீச்சரின் டானிக்

அப்போது எங்கள் லேபில் பாட்டில் கொடுக்கும் வழக்கம் இல்லை. வீட்டில் எது கைக்கு அகப்படுகிறதோ அதில் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஊறுகாய் பாட்டில் வரும், தைல பாட்டில் வரும். நீல நிறக் கரைசலில் எட்டு சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம்.

பம்மலிலிருந்து வந்த ஒரு டீச்சருக்குச் செங்கல் நிறம் வந்தது. வயது இருபத்தைந்துதான் இருக்கும். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கணவரோடு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லி, அதில் ஒன்றுமே இல்லையாம். சிறுநீர் கொண்டுவந்தது குளுக்கோஸ் கலந்த டானிக் பாட்டிலில். தண்ணீர் விட்டு அலசக்கூட இல்லை. அவர்கள் போனதும் ஓனர் என்னை உள்ளே கூப்பிட்டார். "சின்ன வயசுக்காரங்களுக்கு சர்க்கரை காட்டுச்சுன்னா முதல்ல பாட்டிலைப் பாருப்பா. ஒரு பொண்ணை ரெண்டு நாள் பட்டினி போட்டுட்டே."

சேகரின் பெல்ட்

அடுத்த மாதம் சேகர் வந்தான். இருபத்திரண்டு வயது, திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். வேலை நிரந்தரமாக, உடம்பு நன்றாக இருக்கிறது என்று பேப்பர் வேண்டும். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, எங்கள் மண்பானையிலிருந்து வரிசையாக மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தான். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தான். "இளைச்சுட்டீங்களா?" என்று கேட்டேன். "ஓவர்டைம் சார்" என்று சிரித்தான்.

காய்ச்சியதும் சோதனைக் குழாய் செங்கல் நிறமானது. எனக்கு டீச்சரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. பாட்டிலில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று முடிவு செய்தேன். அதில் முன்பு என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாம். ஊசி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக, "பாட்டில் சரியில்லைன்னு நினைக்கிறேன். இதையே எழுதினா வேலை பர்மனென்ட் ஆகாது. நாளைக்கு நல்லா கழுவி எடுத்துட்டு வாங்க" என்றேன். உதவி செய்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னேன். அவன் முகம் சுண்டிவிட்டது. "எழுதிடாதீங்க சார். வூட்ல எல்லார்கிட்டயும் வேல பர்மனென்ட்டுன்னு சொல்லிட்டேன்."

நீலம்

மறுநாள் வேறு பாட்டிலில் கொண்டுவந்தான். காய்ச்சினேன். தெளிவான நீலம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு நல்ல பையனின் வேலையைக் காப்பாற்றிவிட்டோம், டீச்சர் விஷயத்தில் செய்த தப்பைத் திருப்பிச் செய்யவில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது. 'சர்க்கரை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றும் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத்தான் போனான். போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீங்க சொன்ன மாதிரி பாட்டில்தான் சார்."

மணி சொன்னது

மூன்று வாரம் கழித்து மணி வந்தார். பல்லாவரத்தில் பேட்டரி கடையில் வேலை. பொழிச்சலூரில் சேகரோடு ஒரே அறையில் இருப்பவர். சேகர் மெஷின் முன்னாலேயே விழுந்துவிட்டானாம். அதற்கு முன்பு இரண்டு நாள் வாந்தி, புஸ் புஸ்ஸென்று மூச்சு. ஆஸ்பத்திரியில் சர்க்கரை உச்சத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் நினைவு வரவில்லை. முன்பு பரிசோதித்த பேப்பரைக் கேட்கிறார்கள் என்றார்.

"சர்க்கரை இல்லையே, நான்தானே பார்த்தேன்" என்றேன். மணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டாவது நாளு எட்தாந்தது என்னுது சார். வேல பூடும்னு பயந்துகினு கேட்டான். உனுக்கு ஒண்ணும் இல்ல மச்சான், லேப்ல பாட்டில்தான்னு சொல்றாங்கோ, சும்மா என்னுத எட்துனு போன்னு நான்தான் குட்தேன்."

நான் விடவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு என் பக்கம் ஒரு நியாயம் வேண்டியிருந்தது. முதல் நாள் பாட்டில் நிச்சயம் சுத்தமில்லை என்றேன். மணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் நான் கடைலேர்ந்து குட்த பாட்டில்தான் சார். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில் வாட்டரு வந்தது. அதுல இன்னா சர்க்கரை கீது?"

திரும்பி வந்தவன்

சேகருக்கு ஐந்தாம் நாள் நினைவு வந்தது. தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி, வாழ்நாள் முழுக்க. கம்பெனி மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. பொய் பேப்பர் கொடுத்தான் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அந்தப் பேப்பரில் இருந்தது என் கையெழுத்து.

இரண்டு மாதம் கழித்து லேபுக்கு வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "அன்னிக்கே ரத்தம் எடுத்திருக்கணும் சேகர், தப்பு என்னுது" என்றேன். அவன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான். "வுடுங்க சார், நானும்தான் உங்கள ஏமாத்துனேன். இது என்னுதுதான், நம்பி காய்ச்சுங்க."

அவன் போன பிறகு பழைய ரிஜிஸ்டரை எடுத்துச் சரிபார்த்தேன்: செங்கல் நிறம் வந்த அந்த முதல் நாளில் சேகர் என்று ஒருவர் எங்கள் லேபுக்கு வந்ததாகவே நான் எழுதவில்லை.