படகுக் கயிற்றில் நான் போட்ட முடிச்சு

ஒன்பது வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். இரண்டே சொல். அதனால் ஒருத்தி தன் புருஷன் வீட்டை இழந்தாள்.

நாங்கள் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். அறுபதுகளில் ஒரு கோடை விடுமுறை. அப்பா நெய்து முடித்த முகூர்த்தப் புடவையைக் கோவளத்துக்குத் தெற்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருந்த ஒரு ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை கல்யாணம். அந்த ஊருக்கு ரோடு கிடையாது. சித்தப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் வரை பஸ்ஸில் வந்து, பட்டணத்துக்குச் சவுக்குக் கட்டை ஏற்றிப்போகும் ஒல்லியான படகு ஒன்றில் இடம் கேட்டு ஏறினார்.

படகில் புருஷன், பெண்சாதி இருவர்தான். அவர் கயிற்றைத் தோளில் போட்டுக் கரையோடு இழுத்துக்கொண்டு நடந்தார். அந்த அக்கா பின்பக்கம் நின்று கழி ஊன்றினாள். உப்புத் தண்ணீர் பட்டால் சாயம் போய்விடும் என்று சித்தப்பா புடவை மூட்டையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

மதியம் லாக்குக்கு வந்தோம். கால்வாயில் நீர்மட்டம் மாறும் இடத்தில் கருங்கல்லால் நீளமாக ஒரு தொட்டி கட்டி, இரு முனையிலும் கதவு வைத்திருப்பார்கள். அதுதான் லாக்கு. படகு உள்ளே நுழைந்ததும் பின் கதவை மூடித் தண்ணீரை மெல்ல வடிய விடுவார்கள். தண்ணீரோடு படகும் இறங்கும். மட்டம் சரியானதும் முன் கதவு திறக்கும். அதுவரை சுவரிலுள்ள இரும்பு வளையத்தில் கயிற்றை நுழைத்து, நுனியைக் கையில் பிடித்து, இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும்.

படகுக்காரர் கதவைத் திருப்ப ஒத்தாசைக்குப் போய்விட்டார். கயிறு அக்காவின் கையில் இருந்தது. நான் பிடிக்கிறேன் என்று கேட்டேன்.

"பட்டு நூல் புடிக்கிற கை நைனா இது. கயிறு தாங்குமா?" என்று சிரித்தாள். நான் விடவில்லை. கடைசியில் கொடுத்தாள். "கட்டிடாத. சும்மா புடிச்சிக்கினு, தண்ணி எறங்க எறங்க வுட்டுக்கினே இரு" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்ளப் போனாள்.

அவள் சிரித்தது எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. தறியில் அறுந்த இழையை இணைக்க அப்பா எனக்கு ஒரு முடிச்சு சொல்லிக்கொடுத்திருந்தார். இழுக்க இழுக்க இறுகும். எங்கள் வீட்டில் அவிழ்கிற முடிச்சுக்கு மதிப்பில்லை. அந்த முடிச்சைப் போட்டுக் கயிற்றை வளையத்தோடு கட்டிவிட்டு, வேலை தெரிந்தவன் போலச் சித்தப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

தண்ணீர் இறங்கியது. படகின் பின்பக்கமும் இறங்கியது. முன்பக்கம் கயிற்றில் தொங்கியது. கட்டைகள் சரிய ஆரம்பித்தன. படகுக்காரர் கரையிலிருந்து குதித்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. படகு திரும்பிச் சுவரில் மோதியபோது அவருடைய வலது கை நடுவில் மாட்டிக்கொண்டது. சித்தப்பா அங்கே கிடந்த அரிவாளை எடுத்துக் கயிற்றை வெட்டினார். அதற்குள் நான்கு விரல்களும் நசுங்கிவிட்டன.

"யாரு கட்னது?" என்று அவர் பெண்சாதியைக் கேட்டார்.

"புள்ளகிட்ட குடுத்தேன். கட்டாதன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"அக்காதான் கட்னாங்க" என்றேன்.

"சின்னப் புள்ள எதுக்குடி பொய் சொல்லப்போவுது" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். வெட்டிய கயிறு முடிச்சோடு அவர் காலடியில் கிடந்தது. சிறுவயதிலிருந்து தறியில் உட்கார்ந்தவருக்கு அது யார் போட்ட முடிச்சு என்று தெரியாமலா இருந்திருக்கும்? அவர் குனிந்து மூட்டை நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். நனையவில்லை. நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கல்யாண வீட்டில் எல்லோரும் புடவையின் நிறத்தை மெச்சினார்கள்.

சித்தப்பா இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவர் மானமும் போகும். அவர் இறந்தபோது நான் பள்ளிக்கூட வாத்தியார். கால்வாயில் படகுகள் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. விசாரித்து விசாரித்துப் படகுக்காரரைக் கண்டுபிடித்தேன். ஒரு சவுக்குத் தோப்பில் காவலுக்கு இருந்தார். பெண்சாதியை அந்த வருடமே அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். "கையப் பாக்கசொல்ல எல்லாம் ஆத்திரமா வந்துச்சி சார்" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க. அவகிட்ட வந்து சொல்லுங்க" என்று எழுந்தார்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். அவள் அண்ணன் வீட்டு வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. முடித்ததும் என்னை விட்டுவிட்டு அவரிடம் பேசினாள்.

"இத நான் அன்னிக்கே சொன்னேன். நான் சொன்னா ஆவாது. இந்த ஆளு வந்து சொன்னாதான் ஆவுமா ஒனக்கு?"

அவர் அவளைத் தன்னோடு வீட்டுக்கு வரச் சொன்னார். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் பொய்தான் அவள் பேச்சை எடுபடாமல் செய்தது என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது எடுபடாத பேச்சாக இருந்ததால்தான் என் பொய் அவ்வளவு சுலபமாக நின்றது என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லப் போன அன்றும் தெரிந்திருக்கவில்லை.

சற்று நேரத்தில் ஒரு சிறுமி இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடிச்சிட்டுக் கெளம்பச் சொன்னாங்க அத்த" என்றாள்.

குடித்தோம். கிளம்பினோம்.