செயலாளர் திருகிய திருகு

குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குத் தெரியாத விஷயமே இல்லை என்பது அவருடைய சொந்தக் கருத்து. முப்பது வருடம் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு நாள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார், போடும்போதெல்லாம் ஐந்தாவது நிமிடமே நின்றுபோனது.

பழுது பார்க்க வந்த பெண் மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்தார். "பம்புல மணல் இறுகியிருக்குங்க. மோட்டார் கரண்ட் அதிகமா இழுக்குது. அது எரியக் கூடாதுன்னுதான் இந்த ரிலே நிறுத்துது. பம்பை வெளிய எடுக்கணும்."

"ஊதிப் பெருசாக்காதீங்கம்மா" என்று அவரை அனுப்பிவிட்டு, எவ்வளவு கரண்ட் வந்தால் நிறுத்த வேண்டும் என்று குறித்துவைக்கும் ரிலேயின் திருகைச் செயலாளர் கடைசிவரை ஏற்றிவைத்தார். மோட்டார் நிற்காமல் ஓடியது. வீடு வீடாகப் போய்ப் பெருமையடித்தார். மூன்றாம் நாள் மோட்டார் கருகியது.

"ரிலே நிறுத்தியிருக்க வேண்டாமா?" என்று மெக்கானிக்கிடமே பாய்ந்தார்.

"அது சொல்லிக்கிட்டேதாங்க இருந்துச்சு. நீங்கதான் வாயைப் பொத்திட்டீங்க."

காலி வாளியோடு நின்ற அவர் மனைவி, "வீட்டுலயும் இதே வழக்கம்தாம்மா" என்றாள்.