துணிக்குப் பின்னால் போட்ட கூட்டல்

1959ஆம் ஆண்டு மைசூர் தசரா பொருட்காட்சி. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் மாலை. அந்த மாலையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நானும் என் நண்பனும் ஒரு கல்லூரியின் மின்சாரப் பகுதியில் செய்முறை ஆசிரியர்கள். தொலைபேசி நிலையத்தில் கழித்துப் போட்ட ரிலேக்களை, அதாவது மின்சாரம் பாய்ந்தால் தாமே மூடித் திறக்கும் ஸ்விட்சுகளை, வைத்துக் கூட்டல் போடும் யந்திரம் ஒன்றைக் கட்டியிருந்தோம். கூட்ட வேண்டிய இரண்டு எண்களை மேலும் கீழுமாக இரண்டு வரிசை ஸ்விட்சுகளில் வைத்தால், விடையை எட்டு விளக்குகள் காட்டும். எரிந்தால் ஒன்று, அணைந்திருந்தால் பூஜ்யம்; ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று விளக்குக்கு விளக்கு மதிப்பு இரட்டிக்கும். கூட்டும்போது பக்கத்து இலக்கத்துக்கு ஒன்றைக் கொண்டுபோகிறோமே, அதுதான் எங்களை வாட்டியது. ஒரு ரிலே அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, விளக்குகள் தடுமாறித்தான் விடைக்கு வந்து சேரும். நண்பன் கம்பிகளையெல்லாம் பிரித்து வேறு விதமாகக் கோத்தான். இப்போது எல்லா ரிலேக்களும் முன்கூட்டியே தயாராக நிற்கும். அந்த ஒன்று அவற்றின் ஊடே ஒரே பாய்ச்சலில் போய்விடும். டக் என்று ஒரு சத்தம், விடை வந்துவிடும்.

பெங்களூரில் கணிப்பொறி கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த ஓர் ஆய்வுக்கூடத் தலைவர் அன்று எங்கள் அரங்குக்கு வருவதாக இருந்தது. நண்பன் உயிரை வைத்திருந்தது அந்த வேலையின் மேல்தான்.

அவர் வருவதற்குச் சற்று முன் எங்கள் பேராசிரியர் வந்தார்.

"ரிலே ஏதாவது ஒட்டிண்டா மானம் போயிடும்ப்பா. பின்னாடி துணியைக் கட்டு. நீ உள்ள உட்கார்ந்துண்டு விளக்கைக் கையால போடு. நான் நம்பரை உரக்கச் சொல்றேன்."

"ஒரு வாரமா ஒரு தப்பும் வரலை சார்," என்றான் நண்பன்.

"ஆயித்து, ஆயித்து! சரிதான்ப்பா, காட்டறதுக்குத்தானே இதெல்லாம்? போய் உட்காரு."

அவருடைய சிபாரிசு இல்லாமல் பெங்களூர் ஏது? உட்கார்ந்தான்.

விருந்தாளியாக வந்த ஆய்வுக்கூடத் தலைவர் மேல்வரிசை ஸ்விட்சுகளில் 127 வைத்தார். பேராசிரியர் உரக்கப் படித்தார். ஏழு விளக்குகள் எரிந்தன. பிறகு விருந்தாளி புன்னகையோடு கீழ்வரிசையில் ஒன்று வைத்தார்; பேராசிரியர் அதையும் படித்தார். விஷயம் தெரிந்தவர் வைக்கும் பரீட்சை அது. விடை 128; ஏழு விளக்கும் ஒருசேர அணைந்து எட்டாவது எரிய வேண்டும். யந்திரத்தின் யோக்கியதை அந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

துணிக்குப் பின்னால் இருந்தவை இரண்டு கைகள்தான். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் எட்டாவது எரிந்தது.

"ஒண்ணு நடந்தே வந்து சேர்றது போலிருக்கே! ஒரு ஜட்காவாவது வெச்சுக் குடுத்திருக்கலாம் நீங்க," என்றார் விருந்தாளி. எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பேராசிரியர்தான் அதிகம் சிரித்தார்.

"சார், இது மெஷின் போட்ட கணக்கில்லை," என்றேன் நான்.

"இவன் ஒரு தமாஷ் பேர்வழி சார்," என்று என் தோளை அழுத்திவிட்டு, விருந்தாளியைக் காபிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார் பேராசிரியர்.

நண்பன் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். எல்லாமே அவன் காதில் விழுந்திருந்தது. கழற்றி வைத்திருந்த ரிலேக்களின் பாட்டரியை இணைத்தான். விருந்தாளி வைத்த அந்த ஒன்றை இறக்கி, மறுபடி ஏற்றினான். டக். ஏழும் ஒருசேர அணைய, எட்டாவது எரிந்தது. பார்த்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்.

பெங்களூரிலிருந்து அழைப்பு வரவில்லை. பேராசிரியருக்குப் பொருட்காட்சிக் குழுவினர் மாலை போட்டார்கள். நண்பன் வீடுவீடாக மின்சார மீட்டர் சோதிக்கும் வேலைக்குப் போனான்.

பொய்யை மெய்யென்று காட்டுகிறவனை மோசக்காரன் என்கிறோம். கையில் இருந்த மெய்யை நம்பாமல் அதைப் பொய்யாக்கிக் காட்டிய மனிதரை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, அந்தக் கோபமும் தணியவில்லை.