ஒரே படத்தில் தெரிந்த புள்ளிகள்

திருப்பதியில் எங்கள் ஆய்வகத்துக்குச் சூரியன் குறுந்தகடுகளில்தான் வந்து சேரும். "வந்துட்டாருப்பா சூரிய பகவான், பொட்டியப் பிரி" என்பார் அக்கா. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆய்வில் எனக்கு மூன்று வருடம் மூத்தவர். நான் வடமாலபேட்டைக்காரன். படித்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலைக்கென்று சென்னைக்கும் பெங்களூருக்கும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம்.

அடுப்பை விட்டு விலகினால் சூடு குறைய வேண்டும். சூரியனில் அது தலைகீழ். மேற்பரப்பு ஆறாயிரம் டிகிரியோடு நிற்க, அதைச் சூழ்ந்த வெளி வளிமண்டலம் பத்து லட்சத்தைத் தாண்டிக் கொதிக்கிறது. குட்டிக் குட்டி வெடிப்புகள் ஓயாமல் வெடித்து அதைச் சூடாக்குகின்றனவா? குறுந்தகடுகளில் வரும் செயற்கைக்கோள் படங்களில் அவற்றை எண்ணிப் பார்ப்பதுதான் அக்காவின் ஆய்வு. படங்களைச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. வெடிப்பு படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்; விண்வெளித் துகள் கேமராவில் மோதினாலும் அதே மாதிரி வெள்ளைப் புள்ளி விழும். ஆனால் துகளின் புள்ளி ஒரே ஒரு படத்தில்தான் தெரியும். ஆகவே அடுத்த படத்தில் தொடராத புள்ளிகளையெல்லாம் அழிக்கும்படி புரோகிராம் எழுதினேன். படங்கள் பளிச்சென்று இருந்தன. எனக்கு அதில் பெருமை வேறு.

இருவருக்கும் சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு அக்கா கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த வாரம் எதற்கோ பழைய படங்களைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துகள் என்றால் கண்ட இடத்திலெல்லாம் விழும். நான் அழித்தவற்றில் பல, சூரியப் பரப்பிலிருந்து எழும் ஒளி வளையங்களின் அடியிலேயே கூடியிருந்தன. கண நேரத்தில் அணைந்துபோன நிஜ வெடிப்புகள்.

"இன்னாடா இது? கல்லு பொறுக்கச் சொன்னா நொய்யெல்லாம் சேத்துப் பொடச்சித் தள்ளிக்கீறியே!"

"யாருக்குக்கா தெரியப்போவுது? குடுத்துட்டு வா, போலாம்."

"எனக்குத் தெரிஞ்சிபோச்சே" என்றார்.

நான் சென்னைக்குப் போய்விட்டேன். அவர் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். வேலை கைவிட்டுப் போனது. ஊருக்கு வந்திருந்தபோது புத்தூர் பஸ்ஸில் அவருடைய நைனா என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லக் கூடாதாப்பா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். எதைச் சொன்னேன் என்று சொல்லவில்லை.

மறுபடி எண்ணியும் சூட்டுக்குக் கணக்கு நேராகவில்லை. தன் கண்ணுக்கு எட்டியவை போதவில்லை, இன்னும் சிறியவை இருக்கலாம் என்று அக்கா உள்ளபடியே எழுதினார்.

அக்காவின் வாய்மொழித் தேர்வுக்கு லீவு போட்டு, புது ஷூவோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் எண்ணிக்கையில் இவற்றை அழித்தது யார் என்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர் தெலுங்கில் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நேனே சார்," நான்தான் என்றார்.

அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. எல்லோரும் எழுந்து கைதட்டியபோதுதான் நானும் எழுந்தேன்.